தூங்காத பெட்டி

ஆயில் எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டால் அம்சாவின் மாவு மில்லில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. அரைக்க வருகிறவர்கள் தூக்குவாளியை நீட்டி, ‘கேப்பை’, ‘பச்சரிசி’ என்று வாயை அசைப்பார்கள். அம்சா உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டு தலையாட்டுவாள். புருவத்திலும் காதோர முடியிலும் மாவு படிந்து, இளவயதிலேயே நரைத்துப்போனவள் போல இருப்பாள்.

திண்டிவனத்தில் அந்த மில்லை வைத்தவர் அவள் மாமனார் சுப்பராயலு. அவர் இறந்தபோது மில்லை மூடிவிடுவார்கள் என்றுதான் தெருவே நினைத்தது. மகன் சக்கரபாணிக்கு விழுப்புரம் ஜங்ஷனில் ரயில்வே வேலை. காலை வண்டியில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவான். ஆனால் அம்சா காணைப் பக்கத்துக் கரும்புக் கொல்லையில் வளர்ந்தவள். அப்பாவின் பம்புசெட்டு எஞ்சினைச் சின்ன வயதிலேயே சுற்றிக் கிளப்பிப் பழகியவள். காரியம் முடிந்த கையோடு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மில்லுக்குள் போய்க் கைப்பிடியைச் சுற்றினாள். எஞ்சின் கிளம்பியது. அதற்கப்புறம் அந்த மில் ‘அம்சா மில்’ ஆகிவிட்டது.

கல்யாணமாகி வெகுகாலம் குழந்தை இல்லை. எண்பத்தாறாம் வருஷம் ஐப்பசி மழையில் பிறந்தவள் கிருஷ்ணவேணி. வேணி என்று கூப்பிட்டார்கள். பொங்கல் நெருங்கியபோது மில்லைத் திறக்கச் சொல்லி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அம்சாவும் திறந்தாள்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. வீடு தெருவைப் பார்த்து இருந்தது. வீட்டுக்குப் பின்னால் கிணறும் முற்றமும். அதற்கும் பின்னால், பின்சந்தைப் பார்த்தபடி மில். முன்னறையில் தூளியில் குழந்தை அழுதால் மில்லில் இருக்கும் அம்மாவுக்குக் கேட்க வழியே இல்லை. அடிக்கடி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அப்படியும் ஒருநாள் தவறிவிட்டது.

பஸ் ஸ்டாண்டில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கும் கோவிந்தம்மாள் அன்றைக்குத் தெருப்பக்கமாக வந்தாள். கொஞ்ச நேரத்தில் வேணியைக் கையில் ஏந்திக்கொண்டு மில்லுக்குள் ஓடிவந்தாள். குழந்தையின் உதடு நீலம் பூத்திருந்தது. அம்சா எஞ்சினை நிறுத்தினாள்.

“தூளித் துணி மூக்குல சுத்திக்கினு கீது! புள்ள மூச்சுக்குத் தவிக்குது, நீ இங்க மாவு அரைச்சிக்கினு கீற!”

முதுகைத் தடவத் தடவக் குழந்தை இருமி, பிறகு வீறிட்டது. அதைக் கேட்டபிறகுதான் அம்சா குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

அதுமுதல் அவளுக்கு எஞ்சின் சத்தத்துக்குள்ளேயே அழுகை கேட்டது. பெல்ட் சுற்றும் சத்தத்தின் அடியில், மெலிசாக, விட்டுவிட்டு. எஞ்சினை நிறுத்துவாள். ஒன்றும் இருக்காது. முற்றத்தைக் கடந்து ஓடுவாள். வேணி தூங்கிக்கொண்டிருப்பாள். திரும்பி வந்து கைப்பிடியைச் சுற்றுவாள். ஓடத் தொடங்கியதும் மறுபடி கேட்கும். காத்திருக்கிறவர்கள் முணுமுணுத்தார்கள். இரவில் அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதைச் சக்கரபாணி பார்த்தான்.

அவனோடு ஐ.டி.ஐ. படித்தவன் கோட்டக்குப்பத்து ஷபியுல்லா. குவைத்தில் வேலை. லீவில் வரும்போதெல்லாம் டேப் ரெக்கார்டர், டார்ச் லைட், சென்ட் என்று கொண்டுவந்து வேண்டியவர்களுக்குக் கொடுப்பான். மாசி மாதம் ஒரு சாயந்திரம் சக்கரபாணி அவன் வீட்டுக்குப் போய் ஓர் அட்டைப் பெட்டியோடு திரும்பினான். உள்ளே இரண்டு வெள்ளைப் பெட்டிகள், சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரியவை.

“இன்னாங்க இது, ரேடியோவா?”

“ரேடியோதான். ஆனா ஒரே ஸ்டேஷன். நம்ம வேணி மட்டும்தான் பாடுவா.”

ஒன்றைத் தூளிக்குப் பக்கத்தில் பிளக்கில் செருகினான். பேட்டரி போட்ட மற்றதை அம்சாவின் கையில் கொடுத்து முற்றத்துக்கு அனுப்பினான். அறையில் குழந்தை முனகியது, அவள் உள்ளங்கையில் கேட்டது. பெட்டியின் மேல் சிவப்புப் பொட்டுகள் வரிசையாக இருந்தன. சத்தம் கூடக்கூட அவை ஒவ்வொன்றாக எரிந்தன. எஞ்சின் ஓடும்போது காது கேட்காவிட்டாலும் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

“மில்லுக் கூரைக்கு வெச்சிருந்த துட்டா?” என்று அம்சா கேட்டாள்.

அவன் பிளக்கைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொண்டான்.

“அந்தத் துட்டுக்கு மத்தியானத்துல யாரையாச்சும் பாத்துக்கச் சொல்லலாமே. கோவிந்தம்மாவே வந்து குந்திக்கும்.”

“ஆளு தூங்கிடும் அம்சா. இது தூங்காது.”

முதலில் அம்சாவுக்கே அது வரமாகத்தான் இருந்தது. தராசுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்துக்கொண்டு அரைத்தாள். பொட்டு எரிந்தால் ஓடினாள், எரியாவிட்டால் நிம்மதியாக இருந்தாள். அரைக்க வந்தவர்கள் அதை எட்டி எட்டிப் பார்த்தார்கள். மெல்ல மெல்ல அவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. முற்றத்தைக் கடந்து குழந்தையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, நாள் முழுக்கப் பெட்டியையே பார்த்தாள்.

சித்திரை வெயிலில் அது நடந்தது. மத்தியானம். பின்சந்தில் ஆள் நடமாட்டம் இல்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியில் முதல் பொட்டு எரிந்தது, அடுத்தது, அதற்கடுத்தது, கடைசியில் வரிசை முழுக்கச் சிவந்து துடித்தது. அம்சா ஓடினாள். முன்னறையில் வேணி வாயைத் திறந்தபடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர்த் தடம்கூட இல்லை.

திரும்பி வந்தாள். பொட்டுகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன.

எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெட்டியைக் காதில் வைத்தாள். ஒரு குழந்தை அழுதது. வேணியின் குரல் இல்லை. கரகரத்த குரல், ஆண் குழந்தைபோல. தூரத்தில் ஒரு காகம் கத்தியது. ஏதோ பாத்திரம் தரையில் விழுந்து உருண்டது. பிறகு ஒரு பெண்ணின் குரல், “தோ வந்துட்டேன்டா ராசா, தோ வந்துட்டேன்” என்றது.

அம்சா பெட்டியை எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து முன்னறைக்குள் மெதுவாகப் போனாள். தூளி அசையாமல் தொங்கியது. மேலே ஃபேன் நின்றிருந்தது. அவள் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்சாவின் கைக்குள் வேறொரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. அறையில் இரண்டு குழந்தைகள் இருப்பதுபோலவும், அதில் ஒன்று கண்ணுக்குத் தெரியாததுபோலவும் இருந்தது. சட்டென்று அழுகை அறுந்தது. ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கியது.

அதற்கப்புறம் பல மத்தியானங்களில் அது வந்தது. சக்கரபாணியிடம் சொன்னாள். அவன் லீவு நாளில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மில்லில் காத்துக் கிடந்தான். வேணி அழுதபோது வேணியின் குரல்தான் கேட்டது. வேறு எதுவும் வரவில்லை.

“உனுக்கு ஒடம்பு அசதி அம்சா. எஞ்சினுக்குள்ள அழுவுதுன்னு சொன்னியே, அந்த மாதிரிதான்.”

கோவிந்தம்மாள் அவள் சொன்னதை முழுக்க நம்பினாள். அதுவும் அம்சாவுக்கு ஆறுதலாக இல்லை. “அந்தப் பொட்டியத் தூக்கிக் கெணத்துல போடு மொதல்ல. பச்சப்புள்ள கீற ஊட்டுல இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?”

அம்சா போடவில்லை. பயம் இருந்தது. ஆனாலும் எங்கேயோ ஒரு குழந்தை அழுகிறது, கேட்கிற ஒரே ஆள் தான்தான் என்ற எண்ணம் அவளை விடவில்லை. இப்போது பொட்டுகள் எரிந்தால் முதலில் வேணியைப் பார்த்துவிட்டு, பிறகு எஞ்சினை நிறுத்தி, உட்கார்ந்து கேட்டாள். அப்படிக் கேட்கக் கேட்கத்தான் அவளுக்கு ஒன்று பிடிபட்டது. அழுகை ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் விக்கியது. காகம் ஒரே இடத்தில் கத்தியது. பாத்திரம் ஒரே மாதிரி விழுந்து, ஒரே மாதிரி உருண்டது. “தோ வந்துட்டேன்டா ராசா” என்ற குரல் ஒவ்வொரு தடவையும் அதே அவசரத்தோடு வந்தது.

அன்று இரவு கணவனிடம் சொன்னாள்: “உசுரோட கீற கொழந்த ரெண்டு தடவ ஒரே மாதிரி அழுவாதுங்க.”

சக்கரபாணி எழுந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுப் படுத்தான். காலையில் அம்சா அதை மறுபடி செருகினாள். மில் ஓட்ட அவளுக்கு வேறு வழியில்லை.

வைகாசி பிறந்திருந்தது. ஒருநாள் எஞ்சினை நிறுத்தி டீசல் ஊற்றிக்கொண்டிருந்தாள். பெட்டியில் வேணியின் சிணுங்கல் கேட்டது. பசி அழுகை. கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பப் போனவள் அப்படியே நின்றாள். சிணுங்கலுக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் குரல் வந்தது. அதே குரல். ஆனால் இந்தத் தடவை வார்த்தைகள் வேறாக இருந்தன.

“அழுவாதம்மா. நீ பொண்ணா? நீதானா அது?”

குரல் அவள் வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

டீசல் டின் கவிழ்ந்ததை அவள் கவனிக்கவில்லை. முன்னறையில், தூளிக்கு எட்டிய தூரத்தில், வெள்ளைத் துப்பட்டி போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். தெருக்கதவு திறந்து கிடந்தது. வேணி கையைக் காலை உதைத்து அழுதாள். அந்தப் பெண் குழந்தையைத் தொடவில்லை. அவள் கையில் ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது. அம்சாவின் கையில் இருந்ததைப் போலவே ஒன்று. அதன் பொட்டுகள் வேணியின் அழுகைக்கு எரிந்து எரிந்து தணிந்தன.

அம்சா பாய்ந்து குழந்தையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். “யாரு நீங்க? இன்னா வோணும்?”

“அடுத்த தெருங்க. ஹலீமா பீவின்னு பேரு.” அவள் கண் குழந்தையை விட்டு நகரவில்லை. “இவ அழுவுறது எனக்கு டெய்லி கேக்குது.”

நின்றபடியே ஹலீமா சொன்னாள். கணவர் மீரா சாகிப் குவைத்தில் இருந்தார். மகன் பிறந்தபோது அவருக்கு லீவு கிடைக்கவில்லை. வரமுடியாத குறைக்குக் கடையில் இருந்ததிலேயே விலை உயர்ந்த சாமானாகப் பார்த்து, ஷபியுல்லாவிடம் கொடுத்தனுப்பினார். பெட்டி வந்தது. மகன் அழுவதையும் சிரிப்பதையும் ஹலீமா ஒரு கேசட்டில் பதிந்து அவருக்கு அனுப்ப வைத்திருந்தாள். அதற்குள் கார்த்திகை மழையில் காய்ச்சல் வந்தது. பெட்டி பக்கத்திலேயே இருந்தது. குழந்தை அன்றைக்கு அழவே இல்லை. அதனால் பொட்டும் எரியவில்லை.

“சத்தமே இல்லாமப் போயிட்டான்” என்றாள் ஹலீமா. “அடக்கம் பண்ணி அடுத்த வாரமே பொட்டியில அழுவ ஆரம்பிச்சிட்டான். வீட்டுல சொன்னா யாரும் நம்பல. என் புள்ளதான் எடம் தெரியாம அழுவுறான்னு நெனச்சேன். அதான் அவன் கேசட்டத் தொட்டிலாண்ட இருக்குற பொட்டிக்கிட்ட போட்டுப் போட்டுக் காமிச்சேன். தன் கொரலக் கேட்டா அடையாளம் தெரிஞ்சி வந்துருவான்ல?”

தான் இத்தனை நாள் கேட்டது அந்தக் கேசட்டைத்தான் என்று அம்சாவுக்குப் புரிந்தது.

“அழுகைக்குப் பின்னால எஞ்சின் சத்தம் கேட்டுக்கினே இருக்கும். இன்னிக்கு அந்தச் சத்தத்தப் புடிச்சிக்கினு நடந்தேன். கிட்ட வரவரப் பொட்டியில நல்லாக் கேட்டுச்சி.” ஹலீமா ஓரடி முன்னால் வந்தாள். “ஒரு தடவ கையில தர்றீங்களா?”

“வெளிய போங்க” என்றாள் அம்சா. குரல் அவளுடையதாகவே இல்லை. “மொதல்ல வெளிய போங்க!”

ஹலீமா துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள். அம்சா கதவைத் தாழ்போட்டு, குழந்தையை மடியில் வைத்தபடி இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பின்சந்தில் ஆட்கள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

சக்கரபாணி வந்து எல்லாவற்றையும் கேட்டான். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “ரெண்டு வூட்டுலயும் ஒரே மாடல். ஒரே ஸ்டேஷன். நம்ம லைன்ல கரண்ட் போனா தூளிகிட்ட கீற பொட்டி செத்துடும். எஞ்சினு டீசல்ல ஓடறதால உனக்கு கரண்ட் போனதே தெரியாது. கையில கீறது பேட்டரி. அது பக்கத்துல எந்தச் சத்தம் கெடைக்குதோ அதப் புடிச்சிக்கும். அந்தத் தெருவு வேற லைனு. அவ்ளோதான்.” சொல்லி முடித்தபோது அவன் முகம் தெளிந்திருந்தது.

அம்சா தலையாட்டினாள். ஆனால் தங்கள் வீட்டுக்குப் பெட்டி வந்தது மாசியில். ஹலீமாவுக்குக் கேட்கத் தொடங்கியது கார்த்திகையில். இடையில் அவள் கேட்டது யாருடைய அழுகை? அம்சா அதைக் கணவனிடம் கேட்கவில்லை. பெட்டி வருவதற்கு முன்னால் எஞ்சினுக்குள் தனக்குக் கேட்டதையும் நினைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு பெட்டியில் வேறு குரல் வரவில்லை. கரண்ட் போன மத்தியானங்களில் அம்சா எஞ்சினை நிறுத்திக் கேட்டுப் பார்த்தாள். வெறும் இரைச்சல். அழுகையைவிட அந்த இரைச்சல் அவளைத் தொந்தரவு செய்தது. கடைசியில் ஒருநாள் மில்லைப் பூட்டிவிட்டு வேணியை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனாள்.

“அந்தப் பொம்பள மடியில புள்ளயக் குடுக்காத, சொல்லிட்டேன்” என்று கோவிந்தம்மாள் தெருமுனைவரை கூடவே வந்து சொன்னாள்.

கதவைத் திறந்தவர் ஹலீமாவின் மாமியார் ஃபாத்திமா பீவி. வேணியைப் பார்த்ததும் அவருக்கு யாரென்று புரிந்துவிட்டது. “பேட்டரியக் கழட்டிட்டோம்மா, பிளக்கயும் புடுங்கிட்டோம். அப்பவும் காதுலயே வெச்சிக்கினு இருக்கா. சோறு எறங்கல.”

உள்ளே ஹலீமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு மரத் தொட்டில். படுக்கை, சின்னத் தலையணை, மடித்த துணிகள் எல்லாம் அப்படியே இருந்தன. அம்சா எதிரில் உட்கார்ந்து வேணியை அவள் மடியில் வைத்தாள். ஹலீமாவின் கை முதலில் மேலே எழவில்லை. பிறகு குழந்தையின் தலையைத் தாங்கிக்கொண்டது.

“அவனக் கேக்குறீங்களா?” என்றாள். அம்சா பதில் சொல்வதற்குள் கையை நீட்டி டேப் ரெக்கார்டரை அமுக்கினாள்.

கரகரத்த அழுகை அறையை நிரப்பியது. பெட்டியில் கேட்டபோது இல்லாத நெருக்கம். அம்சாவின் கண் தானாகத் தொட்டிலுக்குப் போனது. வேணி விழித்தாள், அந்தத் திசையைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள். அதே தாளத்தில் அவளும் அழத் தொடங்கினாள். அந்தக் குழந்தை விக்கிய இடத்தில் இவளும் விக்கினாள். இரண்டு குரல்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, எது எது என்று பிரிக்கமுடியாமல் போனது. ஃபாத்திமா பீவி முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார். அம்சா குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட நினைத்தாள், உடம்பு அசையவில்லை.

ஹலீமா தொட்டிலைப் பார்த்தாள். மடியில் முகம் சிவந்து துடிக்கிற குழந்தையைப் பார்த்தாள். மறுபடி தொட்டிலைப் பார்த்தாள்.

“இவ பயப்படறா” என்றாள் மெதுவாக. கையை நீட்டி டேப்பை நிறுத்தினாள்.

ஒரே குரல் மிஞ்சியது. ஹலீமா வேணியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தபடி அறைக்குள் நடந்தாள். நடந்துகொண்டே, இருமலாகத் தொடங்கி, மகன் போனபிறகு அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டு அழுதாள் என்று ஃபாத்திமா பீவி பிற்பாடு சொன்னார்.

ஆடிக்குப் பிறகு மத்தியானங்களில் ஹலீமா அம்சாவின் வீட்டுக்கு வரத் தொடங்கினாள். மில் ஓடும் நேரம் முழுக்கத் தூளிப் பக்கத்தில் இருப்பாள். கோவிந்தம்மாள் கொஞ்சநாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அம்சாவுக்கும் முதலில் பயம் விடவில்லை. காரணமே இல்லாமல் எஞ்சினை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்ப்பாள். ஹலீமா அதைக் கவனித்தாலும் தூளியை ஆட்டிக்கொண்டே இருப்பாள். திருப்பிக் கொடுக்கப் பார்த்தும் பெட்டியை ஷபியுல்லா வாங்கிக்கொள்ளவில்லை. மழையில் மில் கூரை ஒழுகியபோதெல்லாம் சக்கரபாணி அம்சாவின் கண்ணைப் பார்க்காமல் வாளியை நகர்த்தி வைத்தான். குவைத்துக்குப் போகிறவர்களிடம் அப்படியொரு பெட்டியைக் கொண்டுவரச் சொல்லலாமா என்று யாராவது விசாரித்தால் அம்சா, “கரண்ட் இருந்தா நல்லாத்தான் கேக்குது” என்பாள்.

அடுத்த வருஷம் மீரா சாகிப் லீவில் வந்தார். வந்த சில நாளில் கேசட்டைக் கேட்டார். ஹலீமா எடுத்துக் கொடுத்துவிட்டு, கூட உட்காராமல் அம்சாவின் வீட்டுக்கு வந்துவிட்டாள். வேணி அப்போது நடக்கத் தொடங்கியிருந்தாள். இருவரும் அவள் விழுவதையும் எழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெகுநேரம் கழித்து மீரா சாகிப் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னதற்குத் தலையை மட்டும் அசைத்தார். மனைவியைப் பார்த்துக் கேட்டார்:

“அவனுக்குப் பல்லு மொளைச்சிருந்துச்சா?”

“கீழ ஒண்ணு” என்றாள் ஹலீமா. “அரிசி மாதிரி. தொட்டாத்தான் தெரியும்.”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். வேணி தள்ளாடி நடந்துவந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.